குடத்துக்கு விழுந்த வாக்குகள்

ஒரு நாட்டில் தேர்தல் நடக்கிறது. முடிவு வருகிறது. அந்த முடிவை நம்பாத சனங்கள் தெருவில் இறங்குகிறார்கள். முதலில் பொலிஸ் வருகிறது, பின்னால் இராணுவம் வருகிறது. இதையெல்லாம் வேறொரு நாட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்வியை நாம் நாற்பது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களிடம் கேட்டு வந்திருக்கிறோம். ஜெனீவாவிலும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் குளிரில் நின்று, பதாகை பிடித்து, உலகம் ஏன் பேசாமல் இருக்கிறது என்று கேட்டிருக்கிறோம். ஆனால் அதே கேள்வியை எம் பக்கம் திருப்பி, இன்னொரு மக்களின் தெருவை நாம் பார்க்கிறபோது எமது கடமை என்ன என்று கேட்டுக்கொண்டது மிகக் குறைவு.

2009ஆம் ஆண்டு யூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து மூன்றரைக் கிழமைகள். யூன் 12இல் ஈரானில் ஜனாதிபதித் தேர்தல். அஹ்மதிநெஜாட் 60 வீதத்துக்கும் மேலான வாக்குகளால் வென்றார் என்று அவசர அவசரமாக அறிவிக்கப்பட்டது. மூசவியின் ஆதரவாளர்கள் பச்சைத் துணி கட்டிக்கொண்டு, 'எனது வாக்கு எங்கே?' என்ற அட்டைகளோடு தெஹ்ரான் தெருக்களை நிறைத்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இரவு பகலாக அதைக் காட்டின. அந்த வருடம் நியூஜேர்சியில் இருந்து போய் ஐ.நா. கட்டடத்தின் முன்னால் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வந்த எம்மவர்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தது.

அப்போது இங்கே இருந்தவர்கள் பின்னர் எமக்குச் சொன்ன கதைகளில் இரண்டு விதமான பதில்கள் இருந்தன. எங்களுக்காக யார் அழுதார்கள், இவர்களுக்காக நாம் அழுவதற்கு என்பது ஒன்று. அஹ்மதிநெஜாட் 2008இல் கொழும்புக்கு வந்து மகிந்தவோடு கை குலுக்கியவர், போர்க்காலத்தில் இலங்கைக்குக் கடனுக்கு எண்ணெய் கொடுத்தவர், அவர் விழுந்தால் நல்லது என்பது மற்றது. முதலாவது காயத்தில் இருந்து வருகிற பதில். இரண்டாவது கணக்குப் பார்த்துச் சொல்லும் பதில். இரண்டிலுமே தெஹ்ரான் தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு இடமில்லை. இரண்டும் எம்மைப் பற்றிய பதில்களே.

சரியான பதிலைத் தேட வேண்டுமானால், தெருவில் நின்றது நாமாகவும் வெளியாட்கள் மற்றவர்களாகவும் இருந்த ஒரு காலத்துக்குப் போக வேண்டும். 1983 யூலையைப் பற்றி எம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பற்றி எழுதியது குறைவு. அப்போது நாம் பிறந்திருக்கவில்லை. எமது பெற்றோர் வரிசையில் நின்ற வாக்கெடுப்புகள் அவை.

*

1981 யூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். தமிழர் விடுதலைக் கூட்டணி அதில் போட்டியிட்டது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசனமாவது பிடித்துக் காட்ட வேண்டும் என்று ஐக்கிய தேசியக் கட்சி முழு மூச்சாக இறங்கியது. மே 24இல் ஐ.தே.க.வின் முதன்மை வேட்பாளரான முன்னாள் வட்டுக்கோட்டை எம்.பி. தியாகராஜா சுடப்பட்டு உயிரிழந்தார். மே 31இல் நாச்சிமார் கோயிலடியில் கூட்டணியின் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, பொலிஸார் இருவர் இறந்தனர். அன்றிரவு தொடங்கிப் பொலிஸார் நகரத்தைத் தம் கையில் எடுத்தனர். சந்தைக் கடைகள் எரிந்தன. கூட்டணியின் அலுவலகம், 'ஈழநாடு' அலுவலகம், யாழ்ப்பாணம் எம்.பி. யோகேஸ்வரனின் வீடு எல்லாம் எரிந்தன. ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ். பொது நூலகம் எரிந்தது. அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்காவும் அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில்தான் தங்கியிருந்தனர்.

நூலகத்தின் நெருப்பை நாம் மறக்கவில்லை. ஆனால் அது ஒரு தேர்தலின் நடுவில் மூட்டப்பட்ட நெருப்பு என்பதைப் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். சாம்பல் ஆறுமுன்னரே, மூன்று நாள் கழித்து, வாக்களிப்பு நடந்தது. தேர்தல் கடமைக்கு நியமிக்கப்பட்டிருந்த அதிகாரிகள் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டனர். வாக்குப் பெட்டிகள் சில காணாமற் போயின. இவ்வளவுக்குப் பிறகும் சனங்கள் போய் வாக்களித்தார்கள். யாழ். மாவட்டத்தின் பத்து ஆசனங்களும் கூட்டணிக்கே கிடைத்தன. நகரம் எரிந்த அதே கிழமையில் வரிசையில் நின்று வாக்களித்த அந்த மனிதர்களின் துணிவை எமது வீரவரலாறுகளில் காண்பது அரிது.

அடுத்த வருடம் 1982. ஒக்டோபர் 20இல் ஜனாதிபதித் தேர்தல். ஜே.ஆர். ஜெயவர்த்தனா 52.91 வீத வாக்குகளால் வென்றார். அடுத்து வரவேண்டியது பாராளுமன்றத் தேர்தல். 1977இல் பழைய தொகுதி முறையில் 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றிருந்த கட்சிக்குப் புதிய விகிதாசார முறையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். எனவே தேர்தலே வேண்டாம் என்று ஜே.ஆர். முடிவெடுத்தார். இருக்கிற பாராளுமன்றத்தையே 1989 ஆகஸ்ட் வரை இன்னும் ஆறு வருடங்களுக்கு நீட்டலாமா என்று மக்களைக் கேட்பதற்கு ஒரு சர்வசன வாக்கெடுப்பு. எதிர்க்கட்சிக்குள் இருக்கும் 'நக்சலைட்டுகள்' ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். விஜய குமாரணதுங்க உட்படச் சுதந்திரக் கட்சிக்காரர்கள் பலர் உள்ளே போடப்பட்டனர். இதற்கான நான்காவது திருத்தத்தை உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில்தான் கடந்துபோக விட்டது. ஆளும் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத இராஜினாமாக் கடிதங்கள் முன்கூட்டியே வாங்கி வைக்கப்பட்டன.

வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள். நீடிக்கலாம் என்பவர்களுக்கு விளக்கு. வேண்டாம் என்பவர்களுக்குக் குடம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் நாடு இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகைக்குச் சீல் வைக்கப்பட்டது. பௌத்த, கிறிஸ்தவ துறவிகள் சேர்ந்து அமைத்த 'பெவிதி ஹண்ட' என்ற இயக்கத்தின் துண்டுப் பிரசுரங்களைப் பொலிஸ் அள்ளிச் சென்றது. டிசெம்பர் 22இல் வாக்கெடுப்பு நடந்தது. விளக்குக்கு 3,141,223, குடத்துக்கு 2,605,983. யாழ். மாவட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் குடத்துக்கே வாக்களித்தனர்.

எதிர்த்தரப்பின் முகவர்கள் விரட்டப்பட்டதையும், ஒருவரின் வாக்கை வேறொருவர் போட்டதையும், ஆளுங்கட்சிப் பெரியவர்கள் சட்டத்தை மீறியதையும் பின்னர் 1987இல் வெளியான தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே எழுதி வைத்தது. ஆனால் அறிக்கை வருவதற்கிடையில் ஐந்து வருடங்கள் போய்விட்டன. அந்த ஐந்து வருடங்களுக்குள் என்னவெல்லாம் நடந்தன என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது தமிழருக்கு எதிராக மட்டும் நடந்த காரியம் அல்ல. தெற்கிலும் அடி விழுந்தது. துறவிகளின் பிரசுரங்களைப் பறித்தது சட்டவிரோதம் என்று 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் கூறியபோது, அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அரசாங்கம் பதவி உயர்வு கொடுத்தது. அவர் கட்ட வேண்டிய தொகையையும் அதுவே கட்டியது. 1983 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, ஊர்வலமாக அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய்விட்டு வந்த பெண்கள் பொலிஸாரிடம் மாட்டிக்கொண்டனர். மூத்த இடதுசாரித் தலைவி விவியன் குணவர்த்தனா பொலிஸ் நிலையத்தில் தாக்கப்பட்டார். யூன் மாதத்தில் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. சில நாட்களில் நீதியரசர்களின் வீடுகளுக்கு முன்னால் பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கிக் கூச்சல் போட்டனர்.

1983 மே 18இல், சர்வசன வாக்கெடுப்பில் தோற்ற இடங்களில் பதினெட்டுத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் வைத்தார் ஜே.ஆர். அன்றே யாழ்ப்பாணத்தில் உள்ளூராட்சித் தேர்தல். வாக்களிப்பு நிலையமொன்றில் ஓர் இராணுவத்தினர் கொல்லப்பட, கந்தர்மடத்தில் வீடுகள் எரிக்கப்பட்டன. இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது தடவையாகத் தேர்தலும் நெருப்பும் ஒன்றாகவே யாழ்ப்பாணத்துக்கு வந்தன. யூலையில், யாழ்ப்பாண மக்களின் அபிப்பிராயத்தைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்று ஜே.ஆர். லண்டன் 'டெயிலி ரெலிகிராவ்' பத்திரிகைக்குச் சொன்னார். குடத்துக்கு விழுந்த வாக்குகளுக்கு அவர் கொடுத்த விடை அது. அந்த மாதக் கடைசியில் கொழும்பு எரிந்தது. ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின் சத்தியப்பிரமாணத்தைக் கூட்டணி எம்.பி.க்கள் செய்ய மறுத்து ஆசனங்களை இழந்தனர். அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான் வந்தது. அந்த இடைவெளியில் வாக்கைப் பற்றிப் பேசுவதே இளைஞர்களுக்குப் பகிடியாகிப் போனது.

*

நாம் இப்போது வாழும் இந்த நாடு அன்று என்ன செய்தது? 1984 யூனில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவை வோஷிங்டனுக்கு அழைத்து வெள்ளை மாளிகையில் அரச வரவேற்புக் கொடுத்தது. ஜனாதிபதி றீகன் இலங்கையின் ஜனநாயகத்தையும் திறந்த பொருளாதாரத்தையும் பாராட்டினார். ஜே.ஆர். ஒரு யானைக்குட்டியைப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். றீகனின் குடியரசுக் கட்சிக்கும் யானைதான் சின்னம், ஐக்கிய தேசியக் கட்சிக்கும் யானைதான் சின்னம். பொருத்தமான பரிசு. மக்களிடம் தேர்தலைப் பறித்து ஒன்றரை வருடம், கொழும்பு எரிந்து பதினொரு மாதம். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் தாட்சர் விக்டோரியா அணையைத் திறந்துவைக்க வந்தார். இவர்களுக்கு இலங்கையில் நடந்தது தெரியாது என்று சொல்ல முடியாது. தூதரகங்கள் இருந்தன. பத்திரிகைகள் இருந்தன. தெரிந்துகொண்டே யானையை வாங்கினார்கள்.

இன்னொரு விதமான வெளியாளும் இருந்தார். நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோவில் சட்டம் கற்பித்த வேர்ஜினியா லியறி என்ற பேராசிரியை, நூலகம் எரிந்த இரண்டு மாதங்களுக்குள், 1981 யூலை ஆகஸ்டில், சர்வதேச சட்டவியலாளர் ஆணைக்குழுவின் சார்பில் இலங்கைக்குப் போனார். அவரிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. இரண்டு தரப்பினரோடும் பேசினார். பொலிஸார் கொல்லப்பட்டதையும் எழுதினார், பொலிஸார் எரித்ததையும் எழுதினார். பயங்கரவாதத் தடைச் சட்டம் சர்வதேச நியமங்களுக்கு எவ்வாறு முரணானது என்பதை எடுத்துக்காட்டினார். பொலிஸாரின் செயல்களை விசாரிக்க வேண்டும் என்றார். அதே அமைப்புக்காக லண்டன் சட்டத்தரணி போல் சீகார்ட் 1984இல் எழுதிய அறிக்கை, திகதி போடாத கடிதங்களையும் நீதியரசர்களின் வீட்டுக்கு முன் நடந்ததையும் உலகத்துக்குச் சொன்னது.

இந்த அறிக்கைகளால் ஒருவரும் காப்பாற்றப்படவில்லையே என்று கேட்பார்கள். உண்மைதான், யூலையை அவை நிறுத்தவில்லை. ஆனால் எண்பதுகளில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் அகதி வழக்குகளுக்கு முன்னால் போய் நின்ற எம்மவர்கள் கதை கட்டுகிறார்கள் என்று சொன்னவர்களுக்கு எதிராக வைக்க ஏதோ ஒரு காகிதம் இருந்ததென்றால், அது இப்படியானவர்கள் நேரத்தோடு எழுதி வைத்ததுதான். அந்தப் பேராசிரியை தமிழருக்கு என்ன தீர்வு வேண்டும் என்று உத்தரவிடவில்லை. பார்த்ததை எழுதினார், தமது நாட்டுக்குத் திரும்பிவந்து சொன்னார். சொன்னதைக் கேட்டு நடக்க வேண்டியவர்கள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால் அது அவருடைய குற்றமல்ல.

ஆகவே வெளியாட்கள் தலையிடக் கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்ற வாதத்தை நாம் ஏற்க முடியாது. ஜே.ஆர். முதல் மகிந்த வரை ஒவ்வொருவரும் சொன்ன வாதம் அது. தெஹ்ரானும் அதைத்தான் சொன்னது. மௌனமாக இருப்பது நடுநிலை என்பதும் பொய். யானையை வாங்குகிறவர்கள் மௌனமாக இருப்பதில்லை.

*

ஆனால் பேசுவது என்றால் எதைப் பேசுவது, யாரிடம் பேசுவது? இந்த இடத்தில் எமது சொந்த வீட்டுக் கதை ஒன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது கசக்கும்.

2005 நவம்பர் 17. ஜனாதிபதித் தேர்தல். மகிந்த ராஜபக்ஷவும் ரணில் விக்கிரமசிங்கவும் போட்டியிட்டனர். தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர், இதில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று அறிவித்தார்கள் புலிகள். அக்கறையில்லை என்பது போகக் கூடாது என்பதாக ஊரில் விளங்கிக்கொள்ளப்பட்டது. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த எமக்கும் அது விளங்கியது. தெருக்களில் ரயர் எரிந்தது. யாழ். மாவட்டத்தில் பதிவுசெய்யப்பட்ட வாக்காளர்கள் ஏழு இலட்சத்துக்கு மேல். வாக்களித்தவர்கள் 1.21 வீதம். கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரேயொரு வாக்கு. மகிந்த வென்றது 180,786 வாக்குகளால். ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பாளர்கள் அதை அச்சத்தின் கீழ் திணிக்கப்பட்ட புறக்கணிப்பு என்று எழுதினர்.

மக்கள் வாக்களித்திருந்தால் போர் வந்திருக்காது என்று நாம் வாதாட வரவில்லை. வரலாற்றில் அப்படிக் கணக்குப் போட முடியாது. எமது கேள்வி வேறு. அன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்துகொண்டு அந்தப் புறக்கணிப்பை ஒரு மாபெரும் அரசியல் வெற்றியாகப் பேசியவர்கள், எழுதியவர்கள் பலர். அவர்களும் ஒரு வகையில் வெளியாட்களே. இரத்த உறவு இருந்தது, காசு அனுப்பினார்கள், இரவில் நித்திரை கொள்ளாமல் செய்தி கேட்டார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தேர்தலின் விலையைக் கட்ட வேண்டி வந்தபோது கட்டியவர்கள் வன்னியில் இருந்தவர்கள். 1981இல் நெருப்புக்கு நடுவிலும் போய் வாக்களித்தவர்களின் பிள்ளைகளிடம், வாக்களிப்பதா விடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று வெளியில் இருந்து சொன்ன குரல்கள் மிகச் சில. சொன்னவர்களுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தது.

இதிலிருந்து எமக்குத் தெரியவருவது இதுதான். அடி வாங்கப்போகிறவர் எவரோ அவரே தெருவில் இறங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சுலோகமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பவர் எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும் அந்த உரிமை அவருக்குக் கிடையாது. அவர் பேச வேண்டிய இடம் வேறு. தான் வாழும் நாட்டின் அரசாங்கத்தோடும், தன் பக்கத்து ஆட்களோடுமே அவருக்குப் பேச்சு.

*

இதை நாம் புத்தகத்தில் இருந்து மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. நியூஜேர்சியில் நாம் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் தமிழர் சிலர்தான். கோப்பை கழுவுகிறவர்கள், மரக்கறி வெட்டுகிறவர்கள், அடுப்பில் நிற்பவர்கள் பெரும்பாலும் மத்திய அமெரிக்காக்காரர்கள். எம்மைவிட வயதில் மூத்த ஹொண்டூராஸ்காரர் ஒருவர் சான் பெட்ரோ சூலா நகருக்குப் பக்கத்தில் இருந்து வந்தவர். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எமக்கு ஸ்பானிஷ் அரைகுறை. எண்ணெய்ச் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டு அவர் தமது நாட்டுத் தேர்தல் கதையைச் சொல்ல, நாம் எமது நாட்டுக் கதையைச் சொல்வோம். "உங்கள் ஊரிலும் பெட்டி காணாமற் போகுமா?" என்று அவர் கேட்டது நினைவிருக்கிறது.

அவர் சொன்ன தேர்தல் 2017 நவம்பர் 26இல் நடந்தது. ஒரு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்ற அரசியலமைப்பு விதியை 2015இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றின் மூலம் தாண்டி வந்த ஹுவான் ஒர்லாண்டோ ஹெர்னாண்டஸ் மீண்டும் போட்டியிட்டார். பாதிக்கு மேல் வாக்குகள் எண்ணப்பட்டபோது எதிர் வேட்பாளர் நஸ்ரால்லா ஐந்து வீதம் முன்னால் நின்றார். பிறகு எண்ணிக்கை இழுபட்டது, கணினி நின்றது. திரும்ப வேலை செய்தபோது முன்னால் நின்றவர் பின்னால் போயிருந்தார். சனங்கள் தெருவில் இறங்கினர். ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. வெளியே வர முடியாதவர்கள் வீட்டுக்குள் நின்று சட்டி பானைகளைத் தட்டினார்கள். சனங்களை அடிக்க மாட்டோம் என்று பொலிஸில் ஒரு பிரிவே மறுத்து முகாமுக்குத் திரும்பியது. குறைந்தது 23 பேர் இறந்தனர் என்றும், அவர்களில் 16 பேர் பாதுகாப்புப் படைகளால் சுடப்பட்டவர்கள் என்றும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பின்னர் கூறியது.

வெளியாட்கள் என்ன செய்தார்கள்? அமெரிக்க நாடுகள் அமைப்பின் செயலாளர் நாயகம், இந்த முடிவை நம்ப முடியாது, புதிய தேர்தல் நடத்துங்கள் என்றார். ஐந்து நாள் கழித்து, டிசெம்பர் 22இல், அமெரிக்கா ஹெர்னாண்டஸை அங்கீகரித்து வாழ்த்தியது. 1982இல் எமது சர்வசன வாக்கெடுப்பு நடந்ததும் ஒரு டிசெம்பர் 22இல்தான். 2018 மே மாதத்தில் அதே அமெரிக்க அரசாங்கம், ஹொண்டூராஸ்காரருக்கு 1999இல் இருந்து இருந்துவந்த தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்தை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. உங்கள் நாட்டில் தேர்தல் ஒழுங்காக நடந்தது, ஆகவே நீங்கள் திரும்பிப் போகலாம் என்பதுபோல. ஹெர்னாண்டஸ் பதவியிழந்த பின் 2022இல் நியூயோர்க்குக்குக் கொண்டுவரப்பட்டு, 2024இல் போதைப்பொருள் கடத்தலுக்குத் துணைபோனதாகக் குற்றவாளியாகக் காணப்பட்டு 45 வருடத் தண்டனை பெற்றார். 2025 டிசெம்பரில் அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். அவரை எதிர்த்துப் பானை தட்டியவர்களில் சிலர் இன்னும் எமது குசினிகளில் பத்திரமில்லாமல் நிற்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்டபோது எமக்கு ஏதும் புதிதாக இருக்கவில்லை. விளக்கு, குடம், அவசரகாலம், வெள்ளை மாளிகை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. எங்களைப் போல் துன்பப்பட்டவர்கள் உலகத்தில் இல்லை என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்படியான குசினி ஒரு நல்ல பள்ளிக்கூடம். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி நடுவில் விட்டு ஓடிவந்தவர்களுக்கு மீதிப் பாடத்தை இந்த மனிதர்கள் சொல்லித் தருகிறார்கள்.

*

சரி, கடைசியில் என்னதான் செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன.

முதலில், கேட்பது. ஈரானியரோ ஹொண்டூராஸ்காரரோ பங்களாதேஷ்காரரோ பக்கத்தில் நின்று வேலை செய்கிறார். அவருடைய நாட்டுக்கு என்ன தீர்வு என்று அவருக்கே விளக்கம் சொல்லாமல், அங்கே என்ன நடக்கிறது என்று அவரைக் கேட்கலாம். அவர்களுக்குள்ளும் இரண்டு மூன்று பக்கங்கள் இருக்கும், எமக்குள் இருந்ததைப்போல. அதையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தீங்கு செய்யாமல் இருப்பது. 2009இல் தெஹ்ரான் ஊர்வலப் படங்களில் முகங்களை வட்டமிட்டு, இவர்கள் யார் என்று சொல்லுங்கள் என ஈரானிய அதிகாரிகள் இணையத்தில் வெளியிட்டார்கள். தூரத்தில் இருந்து ஆர்வத்தோடு பரப்பும் ஒரு படம் அங்கே ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்ட வைக்கும். முகமூடி போட்ட தலையாட்டிகளுக்கு முன்னால் வரிசையில் நடந்துபோன எமது சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மூன்றாவது, இதுதான் கடினமானது, இருக்கிற நாட்டின் அரசாங்கத்திடம் கேட்பது. அங்கே யார் ஆளவேண்டும் என்று தீர்மானிக்கச் சொல்லியல்ல. 1953இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஈரானுக்கு அப்படித் தீர்மானித்து, மொசாடெக்கின் அரசாங்கத்தைக் கவிழ்த்ததன் பலனை ஈரானியர்கள் இன்றுவரை சுமக்கிறார்கள். 2009 யூன் 4இல் கெய்ரோவில் பேசிய ஒபாமாவே அதில் அமெரிக்காவின் பங்கை ஒப்புக்கொண்டார். கேட்க வேண்டியது அதைவிடச் சிறியது. களவாகப் பெற்ற வெற்றியை அவசரப்பட்டு வாழ்த்தாதே. சுடுகிறவர்களுக்குத் துவக்குக் கொடுக்காதே, பயிற்சி கொடுக்காதே. தப்பி வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தாதே. இந்த மூன்றையும் செய்வதற்கு எந்த அரசாங்கமும் எல்லை தாண்டிப் போகத் தேவையில்லை.

எமக்கு இங்கே வாக்கில்லை என்பார்கள். உண்மை. அகதி வழக்கு முடியாதவருக்கும் பச்சை அட்டைக்காரருக்கும் இந்த நாட்டின் தேசியத் தேர்தல்களில் வாக்கில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் வாக்களிக்கவும் வழியில்லை. இரண்டு இடத்திலும் வாக்கில்லாத மனிதர்கள் நாம். ஆனால் எம்மில் பலர் இப்போது குடியுரிமை பெற்றுவிட்டார்கள். எடிசனிலும் ஜேர்சி சிற்றியிலும், ஹூஸ்டனிலும், சான் ஹோசேயிலும் வாக்களிக்கிறார்கள், காங்கிரஸ் உறுப்பினர்களோடு பொங்கல் விழாவில் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படம் பிடிக்கிற வேளையில் ஈழத்தைப் பற்றி ஒரு வசனம் பேசுகிறவர்கள், ஹொண்டூராஸ் அகதியைப் பற்றியும் ஒரு வசனம் பேசட்டும். தடுப்பு முகாமில் அவர்களும் எம்மவர்களும் ஒரே மண்டபத்தில்தான் படுத்திருந்தார்கள்.

இப்படிச் செய்தால் நாளைக்கு எங்களுக்காக அவர்கள் நிற்பார்கள் என்று நாம் உறுதி சொல்ல மாட்டோம். அது வியாபாரம். வியாபாரமாகப் பார்க்கிறவர்களே அன்று யானையை வாங்கினார்கள். 1982 டிசெம்பரில் குடத்துக்கு வாக்களித்த எமது தாய் தகப்பன்மார் வெளியுலகத்திடம் படை அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, நாடு பிரித்துத் தரச் சொல்லியும் கேட்கவில்லை. தாம் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லை யாராவது கேட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த யானையை வாங்காமல் விட்டிருந்தாலே அவர்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும்.